ஐஸ் தொட்டியில் உரிந்த பெயர்

கோவை
6.3.2006

அண்ணனுக்கு,

குணா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை எவ்வளவு, உன் முதுகுவலி எப்படி என்று ஒரு வரியாவது எழுது.

நீ என் போனை எடுப்பதில்லை. நான் இந்த பீர் ஆலையில் சேர்ந்த நாளிலிருந்து, இரண்டு வருடமாக. மணி அடித்து அடங்கும்வரை நீ அதைப் பார்த்தபடி நிற்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. கடிதத்தை அப்படிப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. கிழிப்பதென்றாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பாய்.

நான் ஒரு பீர் செய்திருக்கிறேன். கோதுமை பாதி, பார்லி பாதி. வடிகட்டாதது. ஸ்ட்ராங் இல்லை, ஐந்து சதவீதம். ஆலையில் இருப்பதிலேயே சின்ன டாங்கை ஆறு மாதத்துக்கு எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் மூன்று கடைகளில் மட்டும் விற்றுப் பார்க்கிறார்கள். அதில் ஒன்று சிப்காட் கடை. உன் பாரை ஒட்டிய கடை. நான் கேட்டு வாங்கியதல்ல, அவர்களே தேர்ந்தெடுத்தது.

ஆகஸ்ட் முடிவதற்குள் அந்தக் கடையில் மாதம் நாற்பது கேஸ் போக வேண்டும். போகாவிட்டால் டாங்கைக் கழுவி ஸ்ட்ராங் பீர் ஊற்றிவிடுவார்கள். பிறகு எனக்கு அங்கே சுவைத்துப் பார்க்கிற வேலைகூட இருக்காது.

உன் ஆட்களைக் குடித்துப் பார்க்கச் சொல். இதைத் தவிர உன்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அம்மாவுக்கு என் அன்பு.

குணா


கும்மிடிப்பூண்டி
19.3.2006

குணசுந்தரிக்கு,

அம்மா இருக்கிறாள். சர்க்கரை 210. என் முதுகை நீ விசாரிக்க வேண்டாம்.

கடை அரசாங்கத்துடையது. பார் மட்டும்தான் என்னுடையது. எதை விற்பது என்று நான் சொல்ல முடியாது. சொல்ல முடிந்தாலும் சொல்ல மாட்டேன்.

இங்கே வருகிறவர்கள் ரோலிங் மில் ஆட்கள். எட்டு மணி நேரம் பழுத்த இரும்புக்கு முன்னால் நின்றுவிட்டு வருகிறார்கள். அவர்களுக்கு உன் கோதுமை வேண்டாம். பல் கூசுகிற கூலிங் வேண்டும். இரண்டாவது பாட்டிலில் மண்டைக்கு ஏற வேண்டும். நீ எம்.எஸ்ஸி. படித்தவள், அவர்களுக்கு ருசி கற்றுக்கொடுக்கலாம் என்று நினைக்கிறாய். நினை.

நீ மருந்துக் கம்பெனியில் வேலை செய்கிறாய் என்றுதான் அம்மாவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். என்ன மருந்து என்று நேற்றுக் கேட்டாள். இருமலுக்கு என்றேன்.

நீ நலமாக இருப்பாய் என்று தெரியும். கேட்கவில்லை.

பூவராகவன்


கோவை
2.4.2006

அண்ணனுக்கு,

நலம். அம்மாவின் 210 கவலையாக இருக்கிறது. மாத்திரையை மாற்றச் சொல்.

உன் பாரை அம்மா ஹோட்டல் என்கிறாள். என் ஆலையை நீ மருந்துக் கம்பெனி என்கிறாய். இந்தக் குடும்பத்தில் யாருமே சாராயம் தொட்டதில்லை.

கேஸ்கள் இருபதாம் தேதி வாக்கில் வரும். மூன்று விஷயம். ரொம்பக் குளிர வைக்காதே, வாசனை செத்துவிடும். குலுக்காதே. அடியில் வண்டல் இருக்கும், அது கெட்டுப்போனதால் அல்ல.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். பாட்டிலைப் பார்த்தால் உனக்கே தெரியும்.

குணா


கும்மிடிப்பூண்டி
28.4.2006

குணசுந்தரிக்கு,

இங்கே யாரும் சாகவில்லை.

கேஸ் வந்தது. லேபிளைப் பார்த்தேன். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

பீரைப் பற்றி எழுதுகிறேன். ராஜமாணிக்கம் என்று ஃபர்னஸ் ஆள் ஒருவர் இருக்கிறார். பாரில் அவர் வைத்ததுதான் சட்டம். எந்த பீராக இருந்தாலும் மூடியைத் திறந்து, வாயை விரலால் அடைத்து, தண்ணீர் டம்ளருக்குள் தலைகீழாகக் கவிழ்ப்பார். பீரில் கிளிசரின் கலக்கிறார்கள், அது கனமானது, கவிழ்த்தால் இறங்கிவிடும் என்பது இங்கே எல்லோருடைய நம்பிக்கையும். மற்ற பீரில் நூல் மாதிரி ஏதோ இறங்கும். உன்னுடையதைக் கவிழ்த்தார். டம்ளர் முழுக்க அரிசி களைந்த தண்ணீராகிவிட்டது.

"யோவ், இன்னாயா இது! கிளிசரின்ல பீரு கலந்துகீறானுங்கோ."

"பீரு இல்ல நைனா, மோரு."

"வாழப்பயம் வாசன அடிக்குதுபா. இத்த சாமிக்குப் படைக்கறதா, குடிக்கறதா?"

"எத்தினி பாட்டில் அட்ச்சாலும் ஏறாதாம். அப்ப எதுக்கு அது? பல் வெளக்கவா?"

முதல் வாரம் நான்கு பாட்டில் போனது. அதில் மூன்று கவிழ்த்துக் காட்டுவதற்காக வாங்கியது.

உனக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். அம்மா மாத்திரையை மாற்றியிருக்கிறாள்.

பூவராகவன்


கோவை
4.5.2006

அண்ணனுக்கு,

மாத்திரை விஷயத்துக்கு நன்றி. நான் நலம். தூக்கம் மட்டும் குறைவு.

அது கிளிசரின் இல்லை, ஈஸ்ட். பன்னில் இருப்பது. அடியில் தானாகப் படுத்துக் கிடந்ததை ராஜமாணிக்கம்தான் எழுப்பிவிட்டார். ஆனால் கவிழ்க்கிறவரிடம் கவிழ்க்காதே என்று சொல்லாதே. தண்ணீர் இல்லாத வெறும் டம்ளரைக் கொடு. அதைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, பாட்டிலை மெதுவாக உள்ளே கவிழ்க்கட்டும். கடைசி இரண்டு விரற்கடையைச் சுழற்றி வண்டலோடு ஊற்றட்டும். இந்த பீரை அப்படித்தான் ஊற்ற வேண்டும். பாதி வேலையை அவரே கற்றுவைத்திருக்கிறார்.

லேபிளைப் பற்றி நீ எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

பீருக்குப் பெயர் தேடினார்கள். மேனேஜர் என் பெயரைக் கேட்டுவிட்டு, இதையே வைத்துவிடலாம், ஊர்ப் பெண் மாதிரி இருக்கிறது என்றார். நான் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். சு. குணசுந்தரி. அப்பாவின் முதல் எழுத்தோடு, அப்படியே அச்சடித்துவிட்டார்கள்.

இந்த ஆலையில் யார் என்ன செய்தார்கள் என்று குறிக்கிற லாக் ஷீட்டில் என் பெயர் கிடையாது. 'எம்.எஸ்ஸி. லேடி' என்று எழுதுவார்கள். அதனால் சரி என்றேன். யார் கையில் போகும், யார் வாயில் வரும் என்று அப்போது யோசிக்கவில்லை.

இல்லை. யோசித்தேன்.

பதில் எழுது.

குணா


கும்மிடிப்பூண்டி
11.6.2006

குணசுந்தரிக்கு,

அம்மா நலம். மழை இல்லை.

வேறு செய்தி எதுவும் இல்லை.

பூவராகவன்


சிப்காட், கும்மிடிப்பூண்டி
25.6.2006

பீர் கம்பெனி முதலாளி அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் குடும்பத்தாரும் ஆண்டவர் கிருபையால் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். நான் ஜோசப். ரோலிங் மில்லில் கிரேன் ஆபரேட்டர். பாட்டிலில் இருந்த அட்ரஸைப் பார்த்து எழுதுகிறேன்.

முதலில் உங்கள் சரக்கைக் கேலி செய்தோம். அதற்கு மன்னிக்கவும். பிறகு பார் ஓனர் காலி டம்ளரைச் சாய்த்து வைத்து, "இதுல கவுருங்கடா, தண்ணில கவுத்தா உங்க மூஞ்சி மாதிரிதான் தெரியும்" என்றார். கவிழ்த்துக் குடித்தோம். நன்றாக இருந்தது. ஒரு பாட்டில் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனால் என் பெண்ணுக்கு வாய்ப்பாடு சொல்லித்தர முடிகிறது. ஸ்ட்ராங் குடித்தால் ஏழாம் வாய்ப்பாட்டிலேயே படுத்துவிடுவேன்.

இப்போது எங்கள் ஷிப்டில் பாதிப் பேர் இதுதான். உள்ளே வரும்போதே "சுந்தரி ரெடியா கீறாளா?" என்று ஒருவன் கத்துவான். "சுந்தரி இன்னிக்கு ஜில்லுனு கீறாபா" என்று இன்னொருவன். எல்லாம் தமாஷுக்குத்தான்.

குறை என்னவென்றால், பார் ஓனர் பூவராகவன் அண்ணனுக்கு இந்தப் பெயர் ஆகவில்லை. சொன்னால் அடிக்க வருகிறார். போன வாரம் என் தலையில் ஐஸ் தண்ணீரை ஊற்றிவிட்டார். கடையில் ஃப்ரிட்ஜ் ஒன்றுதான் என்பதால் மிச்சத்தை அவருடைய ஐஸ் தொட்டியில்தான் போட்டுவைப்பார்கள். அவர் சாயந்திரம் உட்கார்ந்து ஊறின லேபிளை எல்லாம் கத்தியால் சுரண்டிவிடுகிறார். பாட்டில் மொட்டையாக வருகிறது. கேட்டால், "இன்னா வோணும் உனக்கு, பீரா பேப்பரா?" என்கிறார்.

உங்கள் கம்பெனி மேல் அவருக்கு என்ன கோபமோ தெரியவில்லை. நல்ல மனுஷன். நீங்கள் ஒரு வார்த்தை பேசினால் சரியாகிவிடும்.

இப்படிக்கு,
ஜோ. ஜோசப்


கோவை
2.7.2006

அண்ணனுக்கு,

அம்மா நலமா. நீ நலமா. இந்தக் கேள்விகளை இந்த முறை வழக்கத்துக்காகத்தான் எழுதினேன்.

உன் வாடிக்கைக்காரர் ஒருவர் ஆலைக்கு எழுதியிருக்கிறார். நான் உன் தங்கை என்று அவருக்குத் தெரியாது. கடிதம் என் மேஜைக்கு வந்தது. மூன்று முறை படித்தேன்.

ஜூன் மாதம் சிப்காட் கடை முப்பத்தாறு கேஸ் எடுத்திருக்கிறது. மற்ற இரண்டு கடைகளும் சேர்ந்து எட்டு. இதை நீ எனக்கு எழுதவில்லை. டம்ளரைச் சாய்க்கக் கற்றுக்கொடுத்ததையும் எழுதவில்லை. மழை இல்லை என்று எழுதினாய்.

லேபிளை உரிக்கிறாய். ஒவ்வொரு பாட்டிலாக உட்கார்ந்து, கத்தியால். படிக்கிற காலத்திலிருந்து ஏழு வருடம் நான் ஈஸ்ட் வளர்த்து, கொன்று, மறுபடி வளர்த்துச் செய்ததற்கு மேலே இருந்த ஒரே ஒரு தாள் அது.

அவர்கள் என் பெயரைக் கத்துவது எனக்கும் பிடிக்கவில்லை. படிக்கும்போது கழுத்துச் சூடானது. ஆனால் அவர்கள் அதைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறார்கள், அண்ணா. இரண்டும் ஒன்றாக வருகின்றன. எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. நீ பிரிக்கப் பார்க்கிறாய், கத்தியை வைத்துக்கொண்டு.

உரிப்பதை நிறுத்து.

குணா


கும்மிடிப்பூண்டி
6.8.2006

குணசுந்தரிக்கு,

அம்மா நலம். நான் பாரில் இல்லை, வீட்டில் இருக்கிறேன். காரணத்தை எழுதுகிறேன்.

போன மாதம் 31ஆம் தேதி எக்சைஸ் ஆட்கள் வந்தார்கள். எல்லாப் பாரிலும் வழக்கமாக நடக்கிற சோதனைதான். தொட்டியில் கை விட்டார்கள். நாற்பத்தாறு பாட்டில். ஒன்றிலும் லேபிள் இல்லை. அரசாங்க ஹாலோகிராம் ஒட்டியிருந்தால்தான் அசலாம். மூடி மேல் ஒட்டியிருந்த அதுவும் தண்ணீரில் ஊறி, என் கத்தியில் பட்டு உரிந்துவிட்டிருக்கிறது. நான் பெயரை மட்டும்தான் பார்த்தேன். மூடியைப் பார்க்கவே இல்லை.

"லேபிள் எங்கய்யா?"

"ஊறிப்போச்சு சார்."

"நாப்பத்தாறுலயுமா? கத்தியால சொரண்டின தடம் கீது பாரு. எதுக்குச் சொரண்டின?"

அதிகாரி ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"உள்ள கலங்கலா வேற கீது. நீயே ரொப்பினியா?"

ஜோசப் நின்றுகொண்டிருந்தான். ராஜமாணிக்கம் நின்றுகொண்டிருந்தார். பத்துப் பதினைந்து பேர். எதற்குச் சுரண்டினாய் என்பதற்கு ஒரே பதில்தான் உண்டு. அதைச் சொன்னால், இரண்டு மாதமாக எதைச் சொல்லிக் கத்தினோம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு நீ இந்தத் தெருவில் இறங்க முடியுமா?

"ஆமா சார், நான்தான் ரொப்பினேன்" என்றேன். எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

பாரைப் பூட்டி சீல் வைத்தார்கள். 17ஆம் தேதி திருவள்ளூரில் விசாரணை. லைசென்ஸ் போய்விடும். போகட்டும்.

உன் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை. அதை நான் பார்த்துக்கொண்டேன். நிம்மதியாக இரு.

பூவராகவன்


கோவை
10.8.2006

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை.

நீ ரொப்பினேன் என்று எழுதிக் கொடுத்த தாளின் நகல் ஆலைக்கு வந்திருக்கிறது. மூன்று கடைகளிலும் என் பீரை நிறுத்திவிட்டார்கள். போலி கலந்த சரக்கை யாரும் வாங்க மாட்டார்கள் என்கிறார் மேனேஜர். அந்த பாட்டில்கள் அசல் என்று எக்சைஸிடமிருந்து ஒரு தாள் வந்தால் செப்டம்பர் முப்பது வரை தவணை. வராவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை, 18ஆம் தேதி, டாங்கைக் கழுவுகிறார்கள்.

'உன் பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லை.' அந்த வரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அண்ணா, என் வாழ்க்கையில் எல்லோரும் எனக்குச் செய்தது அதுதான். அவர்கள் யாரும் அதற்காக ஜெயிலுக்குப் போகத் தயாராக இருக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அதற்கு முந்தின நாள், வியாழக்கிழமை, விசாரணைக்கு வருகிறேன். மைக்ரோஸ்கோப்பைக் கொண்டுவருகிறேன். நாற்பத்தாறில் எந்த பாட்டிலை வேண்டுமானாலும் அவர்களே எடுக்கட்டும். அடி வண்டலில் ஒரு சொட்டு போதும். என் ஈஸ்ட்டை எனக்கு அடையாளம் தெரியும். எதற்குச் சுரண்டினாய் என்பதற்கும் நானே பதில் சொல்வேன். யார் நின்றாலும் சொல்வேன்.

நீ என்னைத் தடுக்கப் பார்க்காதே. ரயில் ஸ்டேஷனுக்கும் வராதே.

சு. குணசுந்தரி


கும்மிடிப்பூண்டி
10.9.2006

குணாவுக்கு,

அம்மாவுக்குச் சர்க்கரை 160. உன் தூக்கம் எப்படி இருக்கிறது என்று அவள் கேட்கச் சொன்னாள். இருமல் மருந்துக் கதை முடிந்தது. யாரோ சொல்லிவிட்டார்கள். மூன்றாம் நாள், "அதுல கோதுமதான போடறா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். மிச்சத்தை நீயே வந்து சொல்.

விசாரணையில் நடந்தது உனக்குத் தெரியும். நீ பார்க்காததை எழுதுகிறேன். நீ அந்த அதிகாரியிடம், "இந்தப் பேரு என்னோடது. இவர் என் அண்ணன். அதனாலதான் சொரண்டினாரு" என்றபோது உன் பின்னால், சாட்சிக்கு வந்திருந்த ஆட்களில், ஜோசப் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றான். கடைசிவரை உட்காரவில்லை. ராஜமாணிக்கம் தலையைக் குனிந்தவர் நிமிரவில்லை. நீ மைக்ரோஸ்கோப்பைப் பெட்டியில் வைத்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போனாய். நீ படி இறங்கியதும் ஜோசப் என் கையைப் பிடித்துக்கொண்டான். உதறிவிட்டேன்.

28ஆம் தேதி சீலை எடுத்தார்கள். அசல்தான் என்று தாள் வந்து, கடையில் உன் பீரையும் திரும்ப வைத்தார்கள். லேபிளோடு. நான் கத்தியைத் தொடவில்லை.

ஒரு பாட்டில்கூடப் போகவில்லை.

முதல் நாள் ஜோசப் வந்தான்.

"அண்ணே, ஒண்ணு."

"இன்னா ஒண்ணு?"

"அதாண்ணே... அது."

"எது?"

"அதான்... நம்ம தங்கச்சி..."

"எந்தத் தங்கச்சிடா?"

"வோணாண்ணே. ஸ்ட்ராங்கே குடு."

எல்லோரும் அப்படித்தான். பெயரைச் சொல்லாமல் அதைக் கேட்கத் தெரியவில்லை. பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. உன்னைப் பார்த்துவிட்டார்கள். பாட்டிலைக் காட்டி விரலை நீட்டிப் பார்த்தார்கள், அதுவும் மரியாதை இல்லை என்று மடக்கிக்கொண்டார்கள். பன்னிரண்டு நாள் ஸ்ட்ராங் குடித்தார்கள். ஜோசப் பெண்ணுக்கு வாய்ப்பாடு ஏழிலேயே நிற்கிறதாம்.

எனக்கு வேண்டியிருந்தது இதுதான். பாரில் யார் வாயிலும் உன் பெயர் இல்லை. கல்லாவில் உட்கார்ந்து அந்த அமைதியைக் கேட்டேன். முதல் வாரம் நன்றாக இருந்தது. பிறகு தொட்டியில் மிதக்கிற பாட்டில்களைப் பார்த்தேன். லேபிள் மேலே பார்த்தபடி கிடந்தது. முப்பதாம் தேதி உன் தவணை முடிகிறது என்று எனக்கும் தெரியும்.

நேற்று சனிக்கிழமை. முதல் ஷிப்ட் முடிந்து பார் நிறைந்திருந்தது. எழுந்து நின்று கத்தினேன்.

"டேய், எல்லாரும் கேளு. தொட்டில கீறது எந்தங்கச்சி பண்ண பீரு. வோணும்னா கேட்டு வாங்கு. ஆனா சுந்தரி கிந்தரின்னு எவன் வாயிலயாவது வந்துச்சு, பல்லு இருக்காது. சு. குணசுந்தரி. இனிஷியலோட, முழுசா சொல்றவனுக்குத்தான் பாட்டில்."

யாரும் சிரிக்கவில்லை. ராஜமாணிக்கம்தான் முதலில் வந்தார். சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி சொன்னார். பின்னால் ஜோசப். பிறகு வரிசையாக. இரண்டாவது பாட்டிலுக்கு வந்த ஒருவனுக்கு நாக்கு குழறி 'கு' இரண்டு தடவை வந்தது. போய் மூஞ்சி கழுவிவிட்டு வாடா என்று அனுப்பிவிட்டேன். வந்து சரியாகச் சொன்னான்.

முப்பத்தொரு பேர் சொன்னார்கள். நான் எண்ணினேன்.

பூவராகவன்